சொல்லாமல் விட்ட சொல்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணம் கூறும் ஆவணங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் எதன் பொருட்டு மூண்டது என்னும் வினாவுக்கு நூல்கள் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அடிமை முறையே காரணம் என்பது ஒரு விடை. மாநிலங்களின் உரிமைக்கும் நடுவண் அரசின் அதிகாரத்துக்கும் இடையே எழுந்த பூசல் என்பது மற்றொன்று. வடபுலத் தொழிற்சாலைகளின் நலனும் தென்புல வேளாண்மையின் நலனும் மோதியதன் விளைவு என்பது மூன்றாவது. ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் வீரர்கள் மாண்டனர் என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்ட ஒரு போரின் காரணம் இவ்வாறு ஐயத்துக்கு இடமாகியிருப்பது வியப்புக்குரியது. அண்மைக்கால ஆய்வுகள் அவ்வெண்ணிக்கையை 7 இலட்சம் அளவுக்கு உயர்த்துகின்றன.

மூன்று விடைகளையும் ஒரே தட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சிறிதளவு உண்மை உண்டு என அமைதி காண்பது எளிது. அது ஆய்வு நேர்மைக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. பொருளியல் வரலாற்றாசிரியர் ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டு இதனை ஆராய்வர். அரசியல் வரலாற்றாசிரியர் தேர்தல் முடிவுகளைக் கொண்டு ஆராய்வர். மொழியும் இலக்கியமும் பயின்ற நாம் செய்யக்கூடியது வேறொன்று. அடிமை என்னும் சொல் அந்நாட்டின் ஆவணங்களில் எப்போது எழுதப்பட்டது, எப்போது தவிர்க்கப்பட்டது, எவருடைய நலனுக்காக மறைக்கப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். அச்சொல்லின் போக்கே போரின் காரணத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயர் சொல்லாச் சட்டம்

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் இயற்றப்பட்ட அரசியலமைப்புச் சட்டத்தில் அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் அடிமை முறையைக் காக்கும் விதிகள் அதில் உண்டு. பிரதிநிதிகள் அவையின் இடங்களைக் கணக்கிடும்போது, சுதந்திரமானவர்களுடன் 'ஏனைய ஆட்கள்' தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒரு விதி. மாநிலங்கள் ஏற்க விரும்பும் 'அத்தகைய ஆட்கள்' கொண்டுவரப்படுவதை 1808க்கு முன் காங்கிரஸ் தடுக்கலாகாது என்கிறது இன்னொரு விதி. ஒரு மாநிலத்தில் 'பணிக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்' மற்றொரு மாநிலத்துக்குத் தப்பிச் சென்றால் அவரை உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. வாக்களிக்க இயலாதவர்களின் தலைகளை எண்ணி, அவர்களை உடைமையாகக் கொண்டவர்களுக்குக் கூடுதல் இடங்கள் வழங்கிய விதி, அந்த மனிதர்கள் யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது.

இம்மௌனம் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. மனிதர் உடைமையாக இருக்கலாம் என்னும் கருத்தைச் சட்டத்துக்குள் ஏற்பது தவறு என ஜேம்ஸ் மாடிசன் அம்மாநாட்டிலேயே கூறியதை அவருடைய குறிப்புகள் காட்டுகின்றன. மாடிசனும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவரே. சொல்லுக்கு நாணிய அவர்கள் செயலுக்கு நாணவில்லை.

இவ்விதிகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் 'ஆள்' என்னும் சொல்லில் சற்று நிற்க நேரும். நம் மொழியில் ஆள் என்பது மனிதரையும் குறிக்கும். பிறர்க்கு ஆட்பட்டவரையும் குறிக்கும். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், மணப்பந்தலுக்கு வந்த முதியவர் நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஆளோலையைக் காட்டுகிறார். நம்பியாரூரர் எழுப்பும் மறுப்பு, மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்ளலாமா என்பதன்று. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உண்டோ என்பதே. திருவெண்ணெய்நல்லூர் அவையும் மூல ஓலையின் எழுத்தை ஒப்பிட்டுத்தான் வழக்கைத் தீர்க்கிறது. மனிதர் விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஒளிவின்றிப் பதிவு செய்கின்றன. அச்சமூகத்துக்கு அச்சொல்லைச் சொல்வதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பக்தி மரபு அதனையே பேறாகவும் மாற்றிக்கொண்டது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் உலகுக்கு அறிவித்துவிட்ட ஒரு நாட்டுக்கோ அச்சொல் இடைஞ்சலாயிற்று. மறைத்து எழுத வேண்டிய தேவை அங்கிருந்தே பிறக்கிறது.

அடிமை முறை தானே தேய்ந்துவிடும் என்னும் நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது. பருத்தி அந்நம்பிக்கையைப் பொய்யாக்கிற்று. 1793இல் எலி விட்னி உருவாக்கிய பருத்தி அரவைப் பொறி தென்புல உள்நாட்டு நிலங்களிலும் பருத்தியை இலாபப் பயிராக்கியது. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 39 இலட்சத்து 53 ஆயிரத்தைத் தாண்டியது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது நின்றபின் உள்நாட்டு வாணிகம் பெருகி, வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி நிலங்களுக்குப் பல இலட்சம் பேர் விற்கப்பட்டுப் பெயர்க்கப்பட்டனர். போருக்கு முந்திய ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. ஆகவே வடக்கின் தொழிலுக்கும் தெற்கின் வேளாண்மைக்கும் இடையிலான மோதல் என்று சொல்லப்படுவதை அடிமை முறையிலிருந்து பிரித்தெடுப்பது இயலாத காரியம். அந்த வேளாண்மை அடிமைகளின் உழைப்பேயாகும்.

வாய்ப்பூட்டும் அகராதியும்

1820இல் மிசூரி உடன்பாடு நிலப்படத்தில் ஒரு கோட்டை வரைந்து பூசலைத் தற்காலிகமாக அடக்கியது. அதற்கப்பால் புதிய நிலம் சேரும்போதெல்லாம் அது அடிமை நிலமா, சுதந்திர நிலமா என்னும் வினா மீண்டது. 1831இல் இரண்டு நிகழ்ச்சிகள் தென்புலத்தை அச்சுறுத்தின. பாஸ்டன் நகரில் வில்லியம் லாய்ட் கேரிசன் 'லிபரேட்டர்' இதழைத் தொடங்கி, உடனடி அடிமை ஒழிப்பை வலியுறுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமை ஒழிப்புக் கோரி வடபுல மக்கள், அவர்களுள்ளும் பெண்கள் பெருந்தொகையினர், காங்கிரஸுக்கு விண்ணப்பங்களை அனுப்பலாயினர். 1836இல் பிரதிநிதிகள் அவை ஒரு விதி செய்தது. அடிமை முறை தொடர்பான விண்ணப்பம் எதுவும் படிக்கப்படாமலும் விவாதிக்கப்படாமலும் ஒதுக்கி வைக்கப்படும் என்பதே அது. வாய்ப்பூட்டு விதி எனப் பெயர்பெற்ற இவ்வேற்பாட்டை முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவை உறுப்பினராக இருந்து தொடர்ந்து எதிர்த்தார். 1844 டிசம்பரில்தான் அது நீக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் வரும் ஒரு சிறு பகுதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. 1845இல் வெளிவந்த அந்நூலில், பால்டிமோர் நகரில் அடிமைச் சிறுவனாக இருந்தபோது, எசமானர்கள் சினத்துடனும் அச்சத்துடனும் 'ஒழிப்பு' என்னும் சொல்லை உச்சரிப்பதைக் கேட்டதாகக் கூறுகிறார். அச்சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைப் பார்க்கிறார். ஒழித்தல் என்னும் செயல் என்று மட்டும் அகராதி சொல்கிறது. எதை ஒழிப்பது என்பது அதில் இல்லை. எவரையும் கேட்கவும் துணிவில்லை. பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றில், தலைநகர்ப் பகுதியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி வடபுலத்திலிருந்து விண்ணப்பங்கள் வந்துள்ளதைப் படித்தபோதே பொருள் விளங்குகிறது. காங்கிரஸ் கேட்க மறுத்த அதே வகை விண்ணப்பங்கள் ஓர் அடிமைச் சிறுவனுக்கு அகராதியாயின என்பதை நூலாசிரியர் ஆரவாரமின்றி எழுதிச் செல்கிறார். அரசியல் வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் வாய்ப்பூட்டு விதியின் பயனின்மையை இந்த ஒரு நிகழ்ச்சி புலப்படுத்திவிடுகிறது.

மறைப்பு மொழி இக்காலத்திலேயே கைவிடப்படவும் தொடங்கியது. 1837 பிப்ரவரியில் மேலவையில் பேசிய ஜான் கால்ஹூன், அடிமை முறையைத் தவிர்க்கவியலாத தீமை என்று தம் முன்னோர் கூறியதைப் புறந்தள்ளி, அது நன்மையே என வாதிட்டார். முந்திய தலைமுறை நாணி மறைத்ததை இத்தலைமுறை கொள்கையாக்கிற்று.

ஒரு சமையற்கூடமும் ஒரு சட்டமும்

மெக்சிகோவுடனான போரில் 1848இல் கிடைத்த பெருநிலப்பரப்பு பழைய பூசலைப் புதுப்பித்தது. 1850ஆம் ஆண்டு உடன்பாடு கலிபோர்னியாவைச் சுதந்திர மாநிலமாக ஏற்றது. ஈடாகத் தென்புலத்தாருக்குக் கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை வழங்கியது. இச்சட்டத்தின் நுண்கூறுகள் கவனத்துக்குரியவை. பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை இல்லை. தம் சார்பில் சாட்சி சொல்லவும் உரிமை இல்லை. வழக்கைக் கேட்கும் ஆணையர் அவரைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் ஊதியம் பெறுவார். விடுவித்தால் 5 டாலர். ஆவண வேலை மிகுதி என்று அதற்கு விளக்கம் கூறப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரிகள் அழைத்தால் அடிமையைப் பிடிக்கத் துணை நிற்பது வடபுலக் குடிமக்களின் கடமையாயிற்று. அதுவரை தமக்குத் தொடர்பில்லாத தொலைவான ஒன்றாக அடிமை முறையைக் கருதி வாழ்ந்தவர்களின் வாயிற்படிக்கு இச்சட்டம் அதனைக் கொண்டுவந்தது.

ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' இச்சூழலில் 1851 ஜூன் முதல் தொடராகவும் 1852 மார்ச்சில் நூலாகவும் வெளிவந்தது. முதலாண்டிலேயே அமெரிக்காவில் 3 இலட்சம் படிகள் விற்பனையாயின. லிங்கன் இவ்வாசிரியரைச் சந்தித்தபோது, இப்போரைத் தோற்றுவித்த சிறு பெண்மணி இவர்தாமா எனக் கேட்டதாக வழங்கும் கதைக்குச் சமகாலச் சான்று இல்லை. மேடைப் பேச்சுகளில் அதனைச் சான்றாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிடுதல் நலம். நாவலின் ஆற்றலை அறிய அக்கதை தேவையுமில்லை. ஒன்பதாம் இயல் போதும்.

அவ்வியலில் ஓஹையோ மாநில மேலவை உறுப்பினர் பேர்ட், தப்பி வருவோர்க்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். மனைவி அவரைக் கடிந்துகொள்கிறார். அவர் பொதுநலம், கடமை என்று நயமாக விளக்குகிறார். அந்நேரத்தில் பனியாற்றைக் கடந்து குழந்தையுடன் வந்த எலைசா அவர்கள் சமையற்கூடத்தில் மயங்கிக் கிடக்கிறாள். குழந்தையை இழந்த வீடு அது என அறியாமலேயே, குழந்தையை இழந்ததுண்டா என அவள் கேட்கிறாள். இறந்த பிள்ளையின் உடைகள் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகின்றன. சட்டம் செய்தவரே நள்ளிரவில் வண்டியில் ஏற்றிச் சென்று அச்சட்டத்தை மீறுகிறார். தப்பியோடியவர் என்பது அதுவரை அவருக்கு ஏட்டில் கண்ட எழுத்துகளாகவும் செய்தித்தாளில் வரும் சிறு படமாகவும் மட்டுமே இருந்தது என்று ஆசிரியர் இங்கு விளக்குகிறார். அரசியலமைப்புச் சட்டம் 'ஆள்' என்று போர்த்தி வைத்ததை நாவல் அவிழ்த்துக் காட்டுகிறது. மௌனத்தின் மேல் கட்டப்பட்ட உடன்பாடு வீட்டுக்குள் வந்த ஒரு மனிதரின் முன் நிலைக்கவில்லை என்பதே இக்காட்சியின் அரசியல்.

நாவலின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய கட்டுரை இதன் மிகையுணர்ச்சியைக் கடுமையாகச் சாடியது. அச்சாடலில் பெரும்பகுதி ஏற்புடையதே. கல்வியும் துணிவும் கொண்ட ஜார்ஜ் ஹாரிஸ் இறுதியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறான். அமெரிக்க மண்ணில் அவனைச் சமமானவனாக வைத்துக் கற்பனை செய்ய ஆசிரியரால் இயலவில்லை. அடிமை முறையை வெறுத்த வடபுலத்தார் பலருடைய எல்லையும் அதுவே.

ஒரு மௌனம், இரு வாசிப்புகள்

இக்காலத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் மௌனத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே அடிமை ஒழிப்பாளரிடையே பிளவை உண்டாக்கியது. சொல் இல்லாவிடினும் பொருள் இருக்கிறது, அச்சட்டமே அடிமை முறையோடு செய்துகொண்ட உடன்பாடு என்றார் கேரிசன். 1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸில் மக்கள் முன்னிலையில் அதன் படியொன்றைத் தீயிட்டார். டக்ளஸ் தொடக்கத்தில் அவர் வழி நின்றவர், 1851இல் விலகினார். சட்டம் சொல்லாததைச் சட்டத்தின் மேல் ஏற்றலாகாது, எழுதப்பட்ட சொல் 'ஆள்' என்றால் அவருக்கு ஆளுக்குரிய உரிமைகள் உண்டு என்பது அவர் கொண்ட புதிய நிலை. இயற்றியோரின் உள்ளக்கருத்தை முதன்மையாக்குவது ஒரு வாசிப்பு. பனுவலின் சொல்லை முதன்மையாக்குவது மற்றொன்று. வரலாற்று உண்மை கேரிசனின் பக்கம் மிகுதி. எனினும் எதிரியின் மறைப்பையே தம் கருவியாக்கிக்கொண்ட டக்ளஸின் வாசிப்பே பின்னர்ப் பயன்பட்டது.

1857 மார்ச் 6 அன்று டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி அளித்த தீர்ப்பு மூன்றாவது வாசிப்பாகும். ஆப்பிரிக்க வழியினர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவியலாது என்றும், அடிமைகள் மீதான உடைமை உரிமையைச் சட்டம் வெளிப்படையாக உறுதி செய்துள்ளது என்றும் அவர் கூறினார். 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேசிய லிங்கன் இவ்வாதத்தைச் சொல்லாராய்ச்சி கொண்டே மறுத்தார். அடிமை என்ற சொல்லே சட்டத்தில் இல்லாதபோது வெளிப்படையான உறுதி எங்கே என்பது அவர் வினா. இதற்கிடையில் கான்சாஸில் இரு தரப்பாரும் ஆயுதம் ஏந்தினர். 1856 மே மாதத்தில் மேலவைக்குள்ளேயே சார்லஸ் சம்னர் கைத்தடியால் தாக்கப்பட்டுக் குருதியில் வீழ்ந்தார். 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்று தூக்கிலிடப்பட்டார்.

வெளிப்படையான சொல்

1860 நவம்பரில் லிங்கன் வென்றார். மாநிலங்களில் உள்ள அடிமை முறையில் தலையிடுவதாக அவர் கூறவில்லை. புதிய நிலங்களுக்கு அது பரவலாகாது என்று மட்டுமே கூறியிருந்தார். அவ்வளவே போதுமானதாயிற்று. டிசம்பர் 20 அன்று தென்கரோலினா ஒன்றியத்திலிருந்து விலகி, நான்கு நாள் கழித்துக் காரணங்களை விளக்கும் அறிவிக்கையை வெளியிட்டது. மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகியனவும் அவ்வாறே விளக்க அறிக்கைகளைத் தந்தன. மாநில உரிமையே காரணம் என்போர் முதலில் படிக்க வேண்டியவை இவையே.

தென்கரோலினாவின் முதன்மைக் குற்றச்சாட்டு என்ன? தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்பும் கடமையை வடமாநிலங்கள் தத்தம் சட்டங்களால் முடக்கிவிட்டன என்பதே. அடிமையுடன் தன் எல்லைக்குள் பயணம் செய்யும் உரிமையை நியூயார்க் மறுக்கிறது என்றும், சில மாநிலங்கள் கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்கின்றன என்றும் அது முறையிடுகிறது. வடமாநிலங்கள் தம் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே தென்கரோலினாவின் குறை! ஒன்றியத்தை விட்டு விலகும் உரிமை என்ற அளவில் மட்டுமே அது மாநில உரிமையைப் பேசுகிறது. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் நேரடியானது. தன் நிலை அடிமை முறையோடு முற்றிலும் ஒன்றியது எனத் தொடக்கத்திலேயே அறிவித்து, அதனை உலகின் மாபெரும் பொருளியல் நலன் எனச் சுட்டுகிறது. இவ்விரு மாநிலங்களிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள் என்பதை நினைவில் கொண்டால், அறிக்கைகளில் வரும் 'மக்கள்' என்னும் சொல்லின் அளவு விளங்கும்.

1861 மார்ச்சில் தென்மாநிலக் கூட்டமைப்பு இயற்றிய அரசியலமைப்புச் சட்டம் பெரும்பாலும் 1787ஆம் ஆண்டுச் சட்டத்தின் படியே. அதனால் வேறுபாடுகள் எளிதில் புலனாகின்றன. பழைய சட்டம் போர்த்தி வைத்த இடங்களில் இச்சட்டம் அடிமை என்ற சொல்லை ஒளிவின்றி எழுதுகிறது. கறுப்பின அடிமைகள் மீதான உடைமை உரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் கூட்டமைப்பின் காங்கிரஸ் இயற்றலாகாது என்கிறது. அம்மாதம் 21ஆம் நாள் சவானா நகரில் உரையாற்றிய துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், ஜெஃபர்சன் தலைமுறை இனங்களின் சமத்துவத்தை நம்பியது பிழை என்றும், சமத்துவமின்மையே புதிய அரசின் மூலைக்கல் என்றும் முழங்கினார். தோல்வி இன்னும் நேராத காலம். எவருக்கும் விளக்கம் சொல்லித் தப்பவேண்டிய தேவை அவருக்கு அப்போது இல்லை. சான்றின் மதிப்பை எடைபோடுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

சரக்கு, ஆள், அடிமை

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டை தாக்கப்பட்டுப் போர் மூண்டது. வடபுலம் தொடக்கத்தில் ஒன்றியத்தைக் காக்கவே போரிட்டது. அதனை அடிமை விடுதலைக்கான அறப்போராகத் தொடக்கம் முதலே சித்திரிப்பது லிங்கன் வழிபாட்டின் விளைவு. போரின் நோக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் அடிமைகளே.

மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்னும் மூவர் படகில் தப்பி, வர்ஜீனியாவில் ஒன்றியப் படை வசமிருந்த மன்ரோ கோட்டையை அடைந்தனர். தென்புலப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் பணியில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். மறுநாள் தென்புல அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியுடன் வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரக் கோரினார். தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞர். ஓராண்டுக்கு முன் தம் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸுக்கே பலமுறை வாக்களித்தவர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்கிறது, அயல்நாட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது என்றார். நீங்கள் அவர்களைச் சரக்கு என்கிறீர்கள், பகைவரின் போர்ச்சரக்கைக் கைப்பற்றும் உரிமை எனக்குண்டு என்பது அவர் வாதத்தின் உயிர். சரக்கு என்ற இழிசொல்லே அவர்களைக் காத்தது. செய்தி பரவி, போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் ஒன்றியப் படை முகாம்களை நாடினர். ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர்கள் ஒன்றியத் தரைப்படையில் பணிபுரிந்தனர்.

லிங்கனின் பேச்சுகளிலும் காரணம் பற்றிய சொல் நிலையாக இல்லை. 1862 ஆகஸ்டு 14 அன்று கறுப்பினப் பிரதிநிதிகள் ஐவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, உங்கள் இனம் எங்களிடையே இல்லாவிட்டால் இப்போரே இல்லை எனக் கூறி, அயல்மண்ணில் குடியேறுமாறு பரிந்துரைத்தார். அடிமை முறை என்ற காரணம் அடிமைப்பட்டவர் என்ற காரணமாகத் திரிந்த தருணம் அது. 1863 சனவரி 1 அன்று வெளியான விடுதலை அறிவிக்கை, ஒன்றியத்துக்கு எதிராகக் கிளர்ச்சியில் இருப்பதாகக் குறிப்பிடப்பட்ட பகுதிகளின் அடிமைகளை மட்டும் விடுவித்தது. 1865 மார்ச் 4 பதவியேற்புரையில் அவர் வேறொரு மனிதராகப் பேசுகிறார். மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் அடிமைகள் என்று எண்ணிக்கையைச் சொல்லி, இந்நலனே எவ்வாறோ போருக்குக் காரணம் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர் என்கிறார். அந்த 'எவ்வாறோ' என்னும் சொல்லைத் தயக்கம் எனக் கொள்வோர் உண்டு. குற்றத்தில் வடபுலத்துக்கும் பங்குண்டு என அடுத்த வாக்கியங்களில் அவர் கூறுவதால், வழக்கறிஞரின் துல்லியத்தைக் கைவிட்ட சொல்லாகவே நாம் அதனைக் கொள்கிறோம்.

1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆம் திருத்தத்தின் வழியாகவே அடிமை முறை என்னும் சொல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது. அதனை ஒழிக்கும்போதுதான் அதன் பெயரை எழுத முடிந்தது. குற்றத்துக்கான தண்டனையாக அன்றி என்றொரு விலக்கும் உடன் எழுதப்பட்டது. அவ்விலக்கின் வழியே கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விடும் முறை தென்மாநிலங்களில் வளர்ந்தது.

தோல்விக்குப் பின்

மூலைக்கல் உரை நிகழ்த்திய ஸ்டீபன்ஸ் 1868இலும் 1870இலும் இரு தொகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டார். நூல், அவர் வீட்டுக்கு வந்த வடபுல விருந்தினருடன் நிகழும் கற்பனை உரையாடல் வடிவில் அமைந்தது. போர் அடிமை முறை பற்றியதன்று, இரு அரசியல் கோட்பாடுகளின் மோதல் என்பது அதன் மையக் கருத்து. போருக்கு அவர் இடும் பெயரே 'மாநிலங்களிடையேயான போர்' என்பது. 1881இல் டேவிஸ் எழுதிய நூலும் அவ்வழியே சென்றது. 1787இல் நாணத்தால் மறைக்கப்பட்ட சொல், வெற்றிச் செருக்கில் வெளிப்பட்டு, தோல்விக்குப் பின் மீண்டும் மறைந்தது. மாநில உரிமை என்ற விடை பெரிதும் இந்நூல்களிலிருந்து பாடநூல்களுக்குச் சென்றது. 1935இல் வெளியான 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' நூலின் இறுதி இயலில் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ், பள்ளிகளில் அன்று வழங்கிய வரலாற்றுப் பாடநூல்கள் கூறுவனவற்றைத் தொகுத்து, வரலாறு எவ்வாறு பரப்புரையாகிறது எனக் காட்டினார். திறனாய்வு என்ற வகையில் அவ்வியலுக்கு இணையானவை சிலவே.

இந்திய ஆய்வியல் மாணவர்கள் ஸ்டீபன்ஸின் நூலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் ஒன்று மூன்றாண்டுகளுக்குப் பின் மராத்தியில் வெளிவந்தது. 1873இல் ஜோதிராவ் புலே தம் நூலுக்குக் 'குலாம்கிரி', அதாவது அடிமைத்தனம், என்றே பெயரிட்டார். அடிமை முறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கி, தம் நாட்டவரும் சூத்திரரை விடுவிப்பதில் அவர்களைப் பின்பற்றுவர் என்னும் விருப்பத்தையும் அதில் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் லூயிசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் பூசலை ஒட்டி, ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பினக் குடிமக்களைப் பெருந்தொகையில் கொன்றிருந்தது. புலேயின் காணிக்கையில் அமெரிக்காவின் அந்த முகம் இல்லை. ஆனால் ஜார்ஜியாவில் ஸ்டீபன்ஸ் கைவிட்ட சொல்லைப் புனேயில் அவர் தம் நூலின் முகப்பில் அச்சிட்டிருந்தார்.